எழுநூறு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்

சிட்னிக்கும் மெல்பனுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 705 கிலோமீட்டர். விமானம் பறப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்து நிற்பது எல்லாம் சேர்த்து அட்டவணையில் ஒன்றரை மணி நேரம் போட்டிருப்பார்கள். இந்த எண்ணை நம்பி யாரும் கிளம்ப முடியாது. மேற்குச் சிட்னியின் பென்டில் ஹில்லில் வீட்டைப் பூட்டி, சென்ட்ரலில் ரயில் மாறி மாஸ்கட் விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம். பெட்டி போட்டு, சோதனை முடித்துக் காத்திருக்க இன்னொன்று. மெல்பனின் டல்லமரீன் விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் டாண்டினோங் போய்ச் சேர, நெரிசல் நேரமென்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். ஆக ஐந்து மணி நேரம்; அதில் வானில் கழிவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கூட்டிப்போக வரும் மச்சானின் நேரம் எந்தக் கணக்கிலும் சேராது.

அப்படியிருக்க, இந்தத் தடத்தைப் பற்றிய பேச்சு வந்தாலே அதிவேக ரயிலில்தான் போய் நிற்கிறது. 1984இல் அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் தலைவராக இருந்த பால் வைல்ட் முன்வைத்த யோசனை அது. 2013இல் வந்த அரசு ஆய்வு பிரிஸ்பேன் முதல் மெல்பன் வரை 1,748 கிலோமீட்டருக்கு 11,400 கோடி டாலர் செலவாகும் என்றது. சிட்னி–மெல்பன் மூன்று மணி நேரத்துக்குள். இன்றைய ரயிலுக்குப் பதினோரு மணி நேரம். நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கே போய்விடலாமே, விமான நிலைய அலைச்சல் இல்லையே என்பார்கள். நகர மையத்தில் குடியிருப்பவருக்கு அது சரி. பென்டில் ஹில்காரர் அந்த ரயிலைப் பிடிக்கவும் முதலில் சென்ட்ரல் போக வேண்டும். மூன்று மணி நேரம் அவருக்கும் ஐந்தை நெருங்கிவிடும். ரயில் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நடுவழியை எவ்வளவு சுருக்கினாலும், இரு முனைகளிலும் கரையும் நேரம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பதுதான் மலிவு, சீக்கிரமும்கூட.

முனைகளின் லட்சணத்தைப் பாருங்கள். டல்லமரீன் 1970இல் திறந்தது. இன்றுவரை ரயில் கிடையாது. நிலையம் நிலத்தடியிலா, தரைக்கு மேலேயா என்று மாநில அரசும் விமான நிலையமும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டின. 2024இல் விமான நிலையம் இறங்கி வந்தபோது, திட்டம் ஏற்கெனவே 2033ஐ நோக்கித் தள்ளிப்போயிருந்தது. சிட்னியில் 2000 முதல் ரயில் ஓடுகிறது, ஆனால் விமான நிலையத்தில் ஏறி இறங்க மட்டும் பெரியவர் ஒருவருக்கு 17 டாலருக்கு மேல் தனிக்கட்டணம். நால்வராகப் போகும் குடும்பம் வாடகைக் காரைத்தான் கூப்பிடும். இவை தனியார் விமான நிலையங்கள், அரசு என்ன செய்யும் என்று கேட்கலாம். மெல்பன் 1997இலும் சிட்னி 2002இலும் தனியார் கைக்குப் போனது உண்மைதான். ஆனால் வேலிக்கு வெளியே உள்ள தண்டவாளம் அரசின் பொறுப்பு. நிலையக் கட்டணமும் அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வந்ததே.

பாட்ஜரிஸ் கிரீக்கில் எழும் மேற்குச் சிட்னி விமான நிலையம் மேற்கில் வாழும் தமிழருக்கு மாஸ்கட்டைவிட வசதி என்கிறார்கள். மாஸ்கட்டில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்கு இருக்கும் தடையும் அங்கே இல்லை. ஆனால் அதற்காகக் கட்டப்படும் மெட்ரோ 23 கிலோமீட்டர் ஓடி செயின்ட் மேரிஸில் நின்றுவிடுகிறது. பென்டில் ஹில்காரர் அங்கேயும் ரயில் மாறத்தான் வேண்டும்.