‘விளங்கியதா?’ என்று கேட்டால் போதுமா?

மருந்துகளுள் ஒரு சில, அளவு சற்றே தவறினாலும் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை. குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், நீரிழிவுக்கான இன்சுலின், மூட்டுவாதத்திற்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்பன அவற்றுள் அடங்கும். இவற்றைப் பெறும் நோயாளருக்கு அறிவுரை கூறப்படவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், கூறிய அறிவுரை அவருக்கு விளங்கியதா என்பதை அறிவதில் நாம் போதிய அக்கறை காட்டுகின்றோமா?

மெத்தோட்ரெக்சேட்டையே எடுத்துக்கொள்வோம். மூட்டுவாதத்திற்கு இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளவேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, வாய் புண்ணாகி, நோய்த்தொற்றை எதிர்க்கும் வலு குன்றி, மரணமும் நேரலாம். இதனுடன் வழங்கப்படும் போலிக் அமிலமும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் நிறக் குளிசையாகவே வருகிறது. ஏனைய குளிசைகளையெல்லாம் நாள்தோறும் விழுங்கிப் பழகிய முதியவர் ஒருவருக்கு, இது ஒன்று மட்டும் வாரக் குளிசை என்பது எளிதில் மனதில் பதிவதில்லை. இத்தகைய தவறுகள் தொடர்ந்தமையால், 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம், வாரத்திற்கு ஒரு தடவையே உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கையைப் பொதிகளில் தெளிவாகப் பொறிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. கல்வியறிவு மிகுந்த நாடுகளிலேயே நிலைமை இதுவென்றால், ஏனைய இடங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

வார்ஃபரின் விடயத்தில் நிகழ்வது வேறுவகை. இலைக்கறிகளிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே, கீரையை ஏறத்தாழ ஒரே அளவில் உண்டுவர வேண்டும் என்பதே சரியான அறிவுரை. நோயாளரின் காதில் அது ‘கீரை சாப்பிடக் கூடாது’ என்று விழுகிறது. கீரையை அறவே விலக்கிய அதே நோயாளர், முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குவார். குருதிப் பெருக்கை உண்டாக்கக்கூடியது அதுவே என்பதை அவர் அறியார்.

எழுத்து வேண்டாம், படம் போதும் என்று கருதுவோரும் உளர். பிரேசிலில் தொழுநோயின் சிக்கல் ஒன்றுக்கு தலிடோமைட் வழங்கப்பட்டது. கருவிலுள்ள சிசுவின் அங்கங்களைச் சிதைக்கும் மருந்து அது. கர்ப்பிணியின் உருவத்தைக் குறுக்கே வெட்டிய படம் ஒன்று பொதியில் அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கண்ட பெண்களுள் சிலர், இது கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரை எனப் பொருள்கொண்டனர். எச்சரிக்கையே அழைப்பாக மாறிய விபரீதம் இது.

எமது நாட்டில் இவற்றோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும், தன் மொழி அறியாத வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் அறிவுரை பெற்றுத் திரும்பும் தமிழ் நோயாளர் இன்றும் உளர். 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டின்போது, வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கவேண்டி நேர்ந்தவர்கள் பலர். குளிசையை நிறத்தாலும் உருவத்தாலும் அடையாளம் கண்டு பழகியவருக்கு, வேறு நிறுவனத்தின் குளிசை கைக்கு வந்ததும் பழைய அறிவுரை முழுவதும் பயனற்றுப் போகிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எம் முதியவர்களுக்கோ, பேரப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். ‘கிழமைக்கு ஒருக்கா’ என்பதைப் பத்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லிவைக்குமோ யார் அறிவார்?

‘விளங்கியதா?’ என்று வைத்தியர் கேட்டால் எம்மவர் ‘ஓம் ஐயா’ என்றே விடை பகர்வர். அது பெரும்பாலும் மரியாதையின் வெளிப்பாடு. பின்னால் நீண்ட வரிசை நிற்கும்போது, விளங்கவில்லை என்று சொல்ல நாணமும் தடுக்கும். இந்த ‘ஓம்’ ஒன்றை நம்பி ஆபத்தான மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புவது முறையாகாது.

இதற்கு எளிய வழி உண்டு. ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீர்கள், எந்தக் கிழமையில் போடுவீர்கள், எது நேர்ந்தால் உடனே எம்மிடம் வருவீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்’ என நோயாளரையே திருப்பிச் சொல்லவைப்பது. அவர் தவறாகச் சொன்னால் விளக்கிய முறையை மாற்றவேண்டும். அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் கிளினிக்கில் இதற்கு நேரம் ஏது என்று வைத்தியர்கள் கேட்பது நியாயமே. எல்லா மருந்துக்கும் இது வேண்டியதில்லை. ஆபத்து மிகுந்த ஒரு சில மருந்துகளுக்கு, மருந்து கொடுக்கும் இடத்தில் ஓரிரு நிமிடம் போதும். மருந்தாளரிடமோ பயிற்சி பெற்ற தாதியிடமோ இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில், மருந்தால் விளையும் தவிர்க்கக்கூடிய பாரிய தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்கவேண்டும் என அறைகூவல் விடுத்தது. அத்தகைய இலக்குகள் கொழும்பிலோ ஜெனீவாவிலோ எழுதப்படும் அறிக்கைகளால் மட்டும் எட்டப்படமாட்டா. மருந்து வழங்கும் யன்னலருகே, நோயாளரின் மொழியில், அவர் வாயாலேயே பதிலைக் கேட்டறியும் வழக்கம் வேண்டும். அதற்குச் சுகாதார அமைச்சு புதிய கட்டடம் எதனையும் எழுப்பவேண்டியதில்லை. சுற்றறிக்கை ஒன்றும், தமிழும் சிங்களமும் அறிந்த ஆளணியும் இருந்தால் நாளையே தொடங்கலாம்.