கட்டு குழாய்க்குத்தான், கண்ணுக்கல்ல

வாஷியில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, இருப்பது சொந்த வீடு. மற்றொன்று, வீட்டுக்குள்ளேயே குழாய். தாராவியின் பொதுக்குழாயடியில் விடியுமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிய குடும்பங்களிலிருந்து வந்த நம்மில் பலருக்கு இரண்டாவது பெருமைதான் பெரிது. அந்தக் குழாய் ஒரு நாள் ஒழுக ஆரம்பித்தால் நாம் என்ன செய்கிறோம்? அடியில் ஒரு பக்கெட்டை வைக்கிறோம். பிளம்பருக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர் "நாளைக்கு வருகிறேன்" என்கிறார். அந்த நாளை நாலு நாளாகிறது. அதுவரை பக்கெட்டை மாற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

இப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. சிறிய கசிவை அன்று மாலையே நம் கையால் கட்டி நிறுத்திவிடலாம். ஆனால், கட்டியபின் அதை மறந்துவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தவன் என்ன பாடுபட்டான் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

நவி மும்பையை உருவாக்குவதற்காக சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது 1970இல். தானே கடற்கழி மீது முதல் பாலம் திறக்கப்பட்டது 1973இல். மாநகராட்சியும் ரயிலும் வாஷிக்கு வந்தது 1992இல். புது ஊர் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த ஊரின் பழைய கட்டடங்களுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. சில கட்டடங்கள் அபாயகரமானவை என அறிவிக்கப்பட்டு, இடித்துக் கட்டப்படுவதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். அந்தக் காலக் கட்டடங்களில் போட்டவை பெரும்பாலும் ஜி.ஐ. பைப்புகள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். பூச்சு தேய்ந்தபின் அவை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வருகிறதா? குழாய் தன் வயதைச் சொல்கிறது என்று பொருள்.

"ஒரு சொட்டுதானே" என்று நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கணக்கு நம் குமாஸ்தாக்களுக்குக் கைவந்த கலைதானே! வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். நாலு சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தாலும் 21 லிட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு மாதத்தில் 640 லிட்டருக்கு மேல். சிறு தொட்டி ஒன்று காலி. சொந்தமாக மோர்பே அணையையே வைத்திருக்கும் மாநகராட்சி நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். அணையில் சேர்ந்தது மடைக்கே வராமல் நம் அடுக்களையில் ஒழுகினால் அணை எதற்கு?

தண்ணீர் வீணாவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குழாயில் அழுத்தம் இருக்கும்போதுதான் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும். நம் சொசைட்டிகள் பலவற்றில் நேரம் வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வாட்ச்மேன் வால்வை மூடியதும் குழாய் காலியாகிறது. அப்போது அதே ஓட்டை வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும். கட்டடத்தின் பின்சுவரில் குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இறங்குவதை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நான் சொல்வது புரியும். 2012இல் நம் மகாராஷ்டிரத்தின் இச்சல்கரஞ்சி நகரில் மஞ்சள் காமாலை பரவி மக்களை வாட்டியதற்கு, குடிநீரில் கழிவு கலந்ததே காரணம். வெளியே சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே போவது தெரியாது.

ஆகவே கசிவை அன்றே நிறுத்த வேண்டும். நம் அப்பாக்கள் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். பின்பு எம்-சீல் வந்தது. இப்போது ஹார்டுவேர் கடைகளில் குழாய்க்குக் கட்டுப் போடும் பெட்டி கிடைக்கிறது. அதில் பிசின் ஊறிய கண்ணாடி இழைத் துணிச் சுருள் ஒன்று, காற்றுப் புகாத உறையில் இருக்கும். கையுறை இருக்கும். சிலவற்றில் ஓட்டையை அடைக்கும் எபாக்ஸி மாவும் உப்புத்தாளும் இருக்கும். எலும்பு முறிந்தால் இப்போது ஆஸ்பத்திரியில் ஃபைபர் கட்டுப் போடுகிறார்களே, அதே தத்துவம்தான். தண்ணீர் பட்டதும் பிசின் இறுகிக் கல்லாகிவிடும்.

செய்முறை கடினமல்ல. முதலில் வால்வை மூடுங்கள். கீழேயுள்ள குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். பக்கத்தில் மின்சார ஒயர் போனால் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். ஓட்டைக்கு இரு புறமும் நாலு விரல் அளவுக்குத் துருவையும் பழைய பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பத்தில் ஒன்பது கட்டுகள் வீணாவது இந்த இடத்தில்தான் என்பேன். துருவின் மேல் ஒட்டியது துருவோடு உதிர்ந்துவிடும்.

பிறகு எபாக்ஸி மாவை ஒரே நிறம் வரும்வரை பிசைந்து ஓட்டையில் அழுத்துங்கள். கையுறை போட்ட பிறகே உறையைக் கிழிக்க வேண்டும். கிழித்த உறையை நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது. காற்றின் ஈரமே அதை இறுக்கிவிடும். சுருளை உறையில் எழுதியுள்ள நேரம் தண்ணீரில் முக்கி எடுத்து, ஓட்டைக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கி, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று விழும்படி இழுத்துச் சுற்றுங்கள். முழுச் சுருளையும் சுற்றியபின், ஈரக் கையுறையால் சுற்றிய திசையிலேயே இறுகும்வரை தடவிக்கொடுங்கள். எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதும் உறையில் இருக்கும். அவசரப்படாமல் அதுவரை பொறுத்து, வால்வை மெல்லத் திறங்கள். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடக்கூடிய வேலை.

செய்யக் கூடாத இடங்களும் உண்டு. கேஸ் குழாயில் ஒருபோதும் இதைச் சுற்றாதீர்கள். வெந்நீர்க் குழாயானால், அந்தச் சூட்டைத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டுமே சுற்றலாம். குடிநீர்க் குழாயில் வைக்கும் மாவு, குடிநீருக்கு ஏற்றது என்று குறித்திருக்க வேண்டும். ஆடும் மூட்டு, நீளவாக்கில் வெடித்த பிளாஸ்டிக் குழாய், சுவருக்குள் போகும் குழாய் ஆகியவற்றுக்குப் பிளம்பரே கதி.

இனி என் கதை. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. என் அடுக்களைக் குழாய் கசிந்தபோது நானே கட்டுப் போட்டேன். நன்றாகவே போட்டேன். ஒரு சொட்டு வரவில்லை. பேனா பிடித்த கை இரும்பையும் பிடித்ததே என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அந்த மாதம் சொசைட்டிக் கூட்டத்தில், பழைய குழாய்களை மாற்ற வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம் என்ற பேச்சு வந்தது. "என் வீட்டில் கசிவே இல்லை" என்று எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

எட்டு மாதம் கழித்துக் கோயில் கொடைக்காகத் திருநெல்வேலி போயிருந்தோம். என் கட்டுக்கு ஒரு சாண் மேலே குழாய் உடைந்தது. கட்டு கல் மாதிரி அப்படியே இருந்தது. அதை ஒட்டிய இரும்பு வெறும் துருவாய் இருந்திருக்கிறது! கீழ் வீட்டு மராட்டிய ஆஜியின் அடுக்களையில், என் குழாய்க்கு நேர் கீழேதான் அவர் பூஜை மாடம். திரும்பி வந்ததும் போய் நின்றேன். "தம்பி, உன் வீட்டுத் தண்ணீரில் என் தெய்வங்கள் குளித்துவிட்டார்கள்" என்றார் மராத்தியில். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு துருக் குழாயில் ஓட்டை விழுந்தால், அந்தக் குழாய் முழுவதுமே மெலிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். ஓட்டை என்பது முதல் கடிதம். பதில் போடாவிட்டால் அடுத்தது தந்தி. கசிந்த தண்ணீர் தளத்துக்குள் இறங்கினால் கான்கிரீட்டின் கம்பியும் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்போது கட்டுப் போட எந்தக் கடையிலும் பெட்டி கிடைக்காது.

செலவு யாருடையது என்பதற்கும் வழக்குத் தேவையில்லை. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி உபவிதிகளின்படி, வெளிப்புறப் பொதுக் குழாயின் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. வீட்டுக்குள் கழிப்பறை, தொட்டி முதலியவற்றால் வரும் கசிவு வீட்டுக்காரர் பொறுப்பு. மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் மாடிப்படியில் நின்று கத்துவதற்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே என் யோசனை இதுதான். பெட்டி ஒன்றை வீட்டில் வாங்கி வையுங்கள். கசிந்தால் அன்றே கட்டுங்கள். தோல் பதனிட்ட கைகளும் மண் பிசைந்த கைகளும்தான் நம்மை இந்த ஊரில் நிலைநிறுத்தின. குழாயைத் தொட நமக்கென்ன கௌரவக் குறைச்சல்? கட்டி முடித்ததும், அதன்மேல் தேதியை எழுதுங்கள். மறுநாளே சொசைட்டிக் காரியதரிசியிடம் சொல்லுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் குழாயை மாற்றிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது வால்வை மூடிவிட்டுப் போங்கள். குழாய் மாற்றப் பணம் கேட்டுக் கூட்டம் போட்டால், "என் வீட்டில் கசிவே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அதைச் சொன்னவன் எழுதியது இது.