கிளட்ச்ல காத்து, பர்ஸ்ல ஓட்டை!



போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஒரு எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பினார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெரிய பைக். கிளட்ச் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குது, நியூட்ரல் விழ மாட்டேங்குது. கிளட்ச் பிளேட் செட், லேபர் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். "ஓகே சொல்லிடவா?"ன்னு கேட்டார்.

நான் மெக்கானிக் இல்லை, ஆடிட்டர். கணக்கு திடீர்னு இடிச்சா, கடைசியா எந்த என்ட்ரியில கை வெச்சாங்கன்னுதான் முதல்ல பார்ப்போம். அதையே கேட்டேன். முந்தின வாரம்தான் ஹேண்டில்பார் மாத்தியிருக்கார், கிளட்ச் ஹோஸைக் கழட்டி மாட்டியிருக்காங்க. பதில் அங்கேயே இருந்தது.

ஸ்ப்ளெண்டர், புல்லட்ல கிளட்ச்சுக்குக் கேபிள். ஹயபுசா மாதிரி சில பெரிய வண்டிகள்ல ஆயில் பிரஷர். ஆயில் சுருங்காது, காத்து சுருங்கும். உள்ளே காத்து புகுந்தா நீங்க லீவரைப் பிடிக்கிற அழுத்தம் அந்தக் குமிழியிலேயே போயிடும். கிளட்ச் முழுசா விலகாது.

பணம் கட்டும் முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஆக்சிலரேட்டர் கொடுத்தா சத்தம் ஏறுது, வேகம் ஏறலைன்னா பிளேட் தேய்ஞ்சிருக்கலாம். லீவரைப் பிடிச்சும் வண்டி முன்னாடி இழுக்குது, லீவர் மெத்துன்னு இருக்குன்னா முதல் சந்தேகம் காத்து மேல.

காத்தை எடுக்கறது எளிது. ரிசர்வாயர் மூடியில என்ன ஆயில் போட்டிருக்கோ அதையே, சீல் உடைக்காத பாட்டில்ல வாங்குங்க. டாட் 4 பெயின்ட்டை அரிக்கும், டேங்க்கைத் துணியால மூடுங்க. கீழே ஸ்லேவ் சிலிண்டர்ல இருக்கிற ப்ளீடர் நிப்பிள்ல ஒரு டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில்ல விடுங்க. லீவரை மெதுவா நாலைந்து தடவை அமுக்கிப் பிடிங்க. நிப்பிளைக் கால் சுற்று திறங்க, குமிழி வரும். நிப்பிளை மூடின பிறகுதான் லீவரை விடணும். குமிழி நிக்கிற வரைக்கும் இதையே செய்யுங்க. நடுவுல ரிசர்வாயர் காலியாச்சுன்னா மறுபடி காத்து உள்ளே போயிடும்.

ஃப்ரெண்டுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய், ஒரு மணி நேரம்.

மெக்கானிக்கை நான் குறை சொல்லலை. ஆனா ப்ளீட் பண்ற வேலையில பார்ட்ஸ் பில் கிடையாது. அதனால "முதல்ல ப்ளீட் பண்ணிப் பாருங்க"ன்னு நீங்கதான் கேட்கணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஆயில் லெவல் குறைஞ்சுக்கிட்டே வந்தா எங்கேயோ லீக். அங்கே சீல் மாத்தாம மாசாமாசம் ப்ளீட் பண்றது, வட்டி மட்டும் கட்டி அசலை அப்படியே விடற கதை.

செலவைத் தள்ளிப் போடச் சொல்லலை. காரணம் தெரியாத செலவுக்கு ஓகே சொல்லாதீங்க, சின்ன செலவுல தெரியற விஷயத்தை முதல்ல பாருங்க. உங்க கையில இப்ப எந்த எஸ்டிமேட் இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க, பேசுவோம்.