விமானத்தோடு முடிந்துவிடும் ஆயத்தம்

என்ஜினீயரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம் முடிந்து நான்காம் வருஷம் தொடங்கும் தறுவாயில் இருக்கும் பிள்ளை ஒருவனை அழைத்து, ‘வெளிநாட்டுப் படிப்புக்கு என்ன ஆயத்தம் செய்திருக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டியாயிற்று, எஸ்.ஓ.பி. என்னும் நோக்க அறிக்கையைக் கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், எல்.ஓ.ஆர். என்னும் பரிந்துரைக் கடிதம் தர இரண்டு ஆசிரியர்கள் சம்மதித்துவிட்டார்கள், வங்கியில் காட்ட வேண்டிய தொகைக்கு மாமா வழி செய்வார், இனி விசா ஒன்றுதான் பாக்கி என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். படிக்கப் போகும் பாடம் எது, அதில் தனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பது பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தையும் இராது. பிள்ளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ‘போய் இறங்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே நடந்துவிடும்’ என்ற அபிப்பிராயம் பெற்றோரிடத்திலும், உற்றார் உறவினரிடத்திலும், வருத்தத்தோடு சொல்கிறேன், கல்லூரி ஆசிரியரிடத்திலும்கூட வேதவாக்காக நிலைபெற்றிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடகு வைக்கச் செய்கிற இந்த அபிப்பிராயம் முழுப் பொய் என்பதே என் வாதம்.

காகிதங்கள் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஜெர்மனிக்குப் போகிற இந்திய மாணவன் 2022 நவம்பர் முதல், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் பெற்றே தீரவேண்டும். பிரிட்டனுக்குப் போகிறவன் குறித்த தொகையை 28 நாள் தொடர்ந்து கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவன் பல்கலைக்கழகத்தின் ஐ-20 படிவம் வந்த பிறகு, மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் செலுத்திவிட்டு விசா ஸ்லாட்டுக்காகத் தவம் கிடக்க வேண்டும். ஆனால் இந்தச் சடங்குகளில் பெரும்பாலானவை அந்தந்தச் சர்க்கார் தன் எல்லையையும் பொக்கிஷத்தையும் காத்துக்கொள்வதற்காக ஏற்படுத்தியவையேயன்றி, வருகிறவன் வகுப்பில் உட்கார்ந்து தேறுவானா என்பதை அளந்து பார்க்க ஏற்பட்டவை அல்ல. விசா அதிகாரி ஒருவர்தான், ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாய்?’ என்று விஷயத்தை ஒட்டி ஒரு கேள்வி கேட்கிறார். அதற்கும் மாதிரி நேர்காணல் நடத்தி, விடையை மனப்பாடம் செய்வித்து அனுப்பிவிடுகிறோம். மண்டபம், மேளம், சமையல் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மறந்துபோன சம்பந்திகளின் காரியமாக இருக்கிறது இது.

பண விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள் அல்லவா நாம்! கனடாவுக்குப் படிக்கப் போகும் தனி மாணவன், கல்விக் கட்டணம் நீங்கலாக வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை, ஏறக்குறைய இருபது வருஷ காலம் 10,000 கனடா டாலராகவே இருந்து, 2024 ஜனவரியில் ஒரே தாவாக 20,635 டாலராயிற்று. வீட்டு வாடகையும் காய்கறி விலையும் அந்த ஒரே மாதத்திலா இரட்டித்தன? அவை வருஷந்தோறும் ஏறிக்கொண்டே வந்தன, விதிதான் உறங்கிக்கிடந்தது. சர்க்கார் கேட்ட தொகையைக் காட்டிவிட்டோம், ஆகவே பணம் போதும் என்று நம்பிப் போய் இறங்கியவர்கள், முதல் மூன்று மாதத்துக்குள் கைப்பணம் கரைந்து, பகலில் வகுப்பும் இரவில் கிடங்கு வேலையுமாகத் திண்டாடியதற்கு மூல காரணம், விசாவுக்குப் போதுமானது வாழ்வதற்கும் போதுமென்று எண்ணியதுதான். அந்த ஊரில் ஓர் அறைக்கு வாடகை என்ன என்று புறப்படுவதற்கு முன் விசாரித்தவர் எத்தனை பேர்?

‘எங்கள் ஆலோசனை முற்றிலும் இலவசம்’ என்று கன்சல்டன்சிகள் விளம்பரம் செய்கின்றன. நட்சத்திர ஹோட்டலில் கூடம் பிடித்து, ஸ்பாட் அட்மிஷன் என்று பதாகை கட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியும் கொடுத்து அனுப்பும் இந்தத் தாராளத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சேர்த்துவிட்ட ஒவ்வொரு மாணவனுடைய கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கை அந்நிய நாட்டுக் கல்வி நிலையங்கள் கமிஷனாகக் கொடுக்கின்றன. இது ரகசியமும் அன்று, சட்ட விரோதமும் அன்று. ஆனால் கமிஷன் தருகிற கல்லூரி தராத கல்லூரியைவிட அவர்களுடைய கண்ணுக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது மனித சுபாவம். பெரும்பாலும் கல்விக் கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசாங்கப் பல்கலைக்கழகம் எந்தக் கட்டணத்திலிருந்து கமிஷன் கொடுக்கும்? 2023ஆம் வருஷத்தில், பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த மாணவர்கள் பலர், ஏஜெண்டு கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலியென்று சில வருஷங்கள் கழித்துத் தெரியவந்து, கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளானார்கள். ஏமாற்றப்பட்டவர்களிடம் எனக்கு இரக்கம் உண்டு. என்றாலும், தான் படிக்கப் போகும் கல்லூரிக்குத் தானே ஒரு கடிதம் எழுதி விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே இருந்திருந்தால், அந்தப் போலிகளில் பல முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்தைப் பற்றி எந்தக் கல்விக் கண்காட்சியிலும் பேசமாட்டார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் ரெக்கார்டு நோட்டு என்பது சீனியருடைய நோட்டைப் பார்த்து எழுதுவது. அசைன்மெண்ட் என்பது ஒருவன் எழுத வகுப்பு முழுவதும் பெயர்த்தெழுதுவது. இறுதி வருஷத்து ப்ராஜெக்ட், அறிக்கையும் செய்முறை விளக்கமும் சேர்த்து விலைக்கு வாங்கப்படுவது. இது ஆசிரியருக்குத் தெரியும், பரீட்சகருக்கும் தெரியும். விற்கிறவர்களோ பலகை மாட்டியே விற்கிறார்கள். நான்கு வருஷம் இந்த அப்பியாசத்தில் ஊறிய ஒருவன், அமெரிக்காவில் முதல் செமஸ்டரிலேயே, நண்பன் எழுதிய புரோகிராமில் நாலு பெயர்களை மாற்றித் தன்னுடையதென்று சமர்ப்பிக்கிறான். அங்கே அது பரீட்சையில் பிட் அடித்ததற்கு ஒப்பான குற்றம், விசாரணை நடக்கிறது, அந்தப் பாடத்தில் தோல்வி என்பதோடு நின்றால் அதிர்ஷ்டம், பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்கிவிட்டால் மாணவன் என்ற அந்தஸ்தும் அதைப் பற்றி நிற்கும் விசாவும் கூடவே போய்விடும். அவனுடைய திகைப்பு உண்மையானது. அவன் செய்ததைக் குற்றமென்று அதுவரை எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. சொந்த எழுத்தென்று அவன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய முதல் காகிதமாகிய எஸ்.ஓ.பி.யே பிறர் எழுதியதுதானே!

அரியரின் கதையும் இதைச் சேர்ந்ததே. இப்போது தவறினால் அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்னும் சாவகாசம் நம் பிள்ளைகளின் இரத்தத்தில் கலந்துவிட்டது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு பரீட்சையை இரண்டு அல்லது மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது; கட்டாயப் பாடமொன்றில் கடைசித் தடவையும் தோற்றுவிட்டால், அந்தப் படிப்பை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர்வது அநேகமாக இயலாது. அமெரிக்காவில் முதுகலை மாணவனின் கிரேடு சராசரி (ஜி.பி.ஏ.) 3.0க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான துறைகள் அவனை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். ஜெர்மன் விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டியவனுக்கு அந்தப் பரீட்சை விதியைச் சொன்னவர் யார்?

உண்மையான ஆயத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு, சென்னைப் பிரெசிடென்ஸி கல்லூரியில் படித்த வான்பௌதிக அறிஞர் சந்திரசேகரையே காட்டலாம். 1928இல் ஜெர்மன் பௌதிக அறிஞர் ஸோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, பதினெட்டு வயதை ஒட்டிய சந்திரசேகர் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். ஸோமர்ஃபெல்டின் நூலைக் கற்றுத் தேர்ந்துவிட்டதாக எண்ணியிருந்த அந்த இளைஞரிடம், அந்த நூல் எழுதப்பட்ட பிறகு அணுவியலே தலைகீழாக மாறிவிட்டது என்று ஆசிரியரே சொல்லி, அச்சில் இருந்த தம் கட்டுரையின் படியைப் படிக்கக் கொடுத்தார். தமக்குத் தெரியாதது எது என்பது அன்று சந்திரசேகருக்குத் தெரிந்தது. புதிய கொள்கைகளைத் தாமே முயன்று கற்று, சில மாதங்களுக்குள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் இருந்த பௌதிக அறிஞர் ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1930இல் கப்பலேறியபோது அவர் போய்ச் சேர்ந்தது அந்த ஃபௌலரிடந்தான்.

‘அவர் மகாமேதை, எங்கள் பிள்ளை சாதாரணம்’ என்று பெற்றோர் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். மேதைமை அந்தக் கட்டுரையில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் அறிவின் எல்லையை விசாரித்து அறிவதற்கும், தன் கையால் ஒரு கடிதம் எழுதுவதற்கும் மேதைமை எதற்கு? ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பிக்கப்படும், அதற்கு முன்பே எதைக் கற்றிருக்க வேண்டும் என்று ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் விரிவான கையேடுகளையே வெளியிட்டு வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் தங்கள் பாடத்திட்டத்தையும் வீட்டுப் பாடக் கணக்குகளையும் யாரும் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, பிறர் உதவியின்றி ஒரு மாதம் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, தான் போகலாமா, எப்போது போகலாம் என்பது எந்த ஆலோசகரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

கன்சல்டன்சியின் வாசலில் முகங்கள் நிறைந்த ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் இருப்பவர்கள் அனைவரும் விசா கிடைத்தவர்கள். இவர்களில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், பாதியில் திரும்பியவர் எத்தனை பேர் என்று அடுத்த தடவை உள்ளே போகிற தகப்பனார் கேட்டுப் பார்க்கட்டும். ‘விசா வரைக்குந்தான் சார் எங்கள் பொறுப்பு’ என்று பதில் வரும். அங்கே சொல்லப்படுகிற வார்த்தைகளில் தயங்காமல் நம்பத்தக்கது அது ஒன்றே.