குமராட்சி முதலை கார்ட்டூன் ஆவது எப்போது?

மழைக்காலம் வந்தால் கடலூர் மாவட்டத்தின் குமராட்சி, காட்டுமன்னார்கோவில் வட்டாரச் செய்திகளில் முதலை தவறாமல் இடம்பிடித்துவிடும். பழைய கொள்ளிடத்திலிருந்து வாய்க்கால் வழியே ஊருக்குள் வந்த முதலையை வனத் துறையினர் பிடித்துக் கயிற்றால் கட்டி, சிதம்பரம் அருகே வக்காரமாரியில் கொண்டுபோய் விடுவார்கள். கொஞ்ச நாளில் இன்னொரு ஊரில் இன்னொரு முதலை. ஆற்றில் இறங்கியவர்களை அது கடித்ததும் உண்டு, உயிர் போனதும் உண்டு. பயமும் வேடிக்கையும் இப்படிக் கலந்து கிடக்கும் கதைக்களம் அனிமேஷன் தொடருக்கென்றே அமைந்தது. ஆனாலும் தமிழில் அப்படியொரு தொடர் வரவில்லை. ஏன்?

தொழில்நுட்பப் பஞ்சமா?

கணினி இல்லை, ஆள் இல்லை என்ற பதில் செல்லாது. நடிகர்களின் அசைவைக் கணினியில் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் முறையில், சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் ‘சிந்துபாத்’ முழுநீளப் படத்தை 2000-லேயே கொண்டுவந்தது. அதன் ‘பாண்டவாஸ்’ சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பிறகு 2007-ல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’, 2014-ல் ரஜினிகாந்தின் ‘கோச்சடையான்’. எல்லாமே முழுநீளப் பந்தயங்கள். மொத்தப் பணமும் ஒரே படத்தில் முடங்கும். ஓடாவிட்டால் அடுத்தது கிடையாது. இந்த வாரம் சறுக்கியதை அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளும் வசதி தொடருக்குத்தான் உண்டு. அதைத் தமிழ் அனிமேஷன் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

தொலைக்காட்சியில் நடந்தது வேறு. 2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘ஜாக்கி சான்’ கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள் அதன் தமிழ் வசனங்களை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குரலும் கிண்டலும் பேச்சு வழக்கும் நம்முடையவை. பாத்திரத்தின் உரிமை மட்டும் வெளிநாட்டில். ஸ்டுடியோக்கள் எடுத்துச் செய்யும் வெளிநாட்டு ஒப்பந்த வேலையும் அப்படித்தான். கதையும் ஸ்டோரிபோர்டும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், அசைவூட்டும் வேலைதான் இங்கே வரும். அதில் சம்பளம் கிடைக்கும். சொந்தக் கதை சொல்லும் பழக்கம் கிடைக்காது.

15 நொடி போதும்

மும்பையின் வைபவ் ஸ்டுடியோஸ் வேறு வழி கண்டது. வைபவ் குமரேஷ் உருவாக்கிய ‘லம்புட்’ 2014-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியபோது, ஒரு துண்டின் நீளமே 15 நொடி. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய ஆரஞ்சு நிறக் கொழகொழப் பிண்டம், அதைத் துரத்தும் இரண்டு டாக்டர்கள். வசனம் கிடையாது. வரவேற்பு கூடக்கூட நீளமும் கூடியது. சர்வதேச எம்மி விருதுப் பரிந்துரைவரை தொடர் போனது. சேனலின் ஆதரவில் வந்ததால் அதை முற்றிலும் சுயாதீனப் படைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால், கையிருப்புக்குத் தக்க அளவில் தொடங்கும் சூத்திரம் அதில் இருக்கிறது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். நொடிக்கு 24 சட்டகங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 ஓவியங்கள் போதும். ஆக, 15 நொடிக்கு 180. வழக்கமான 11 நிமிட எபிசோடுக்கு 7,920. அதுவும் திரையில் ஒரே பாத்திரம் அசைந்தால்தான் இந்தக் கணக்கு. முதலாவதைக் குமராட்சியில் ஒரு லேப்டாப்போடு இரண்டு நண்பர்கள் முடித்துவிடலாம். இரண்டாவதற்கு ஸ்டுடியோ வேண்டும்.

மென்பொருள் இலவசம், சோறு அல்ல

பிளெண்டர், ஓபன்டூன்ஸ், கிரிட்டா எல்லாம் இன்றைக்கு இலவசம். லாத்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’ 2025-ல் ஆஸ்கர் வென்றது. இதைச் சொல்லும் பலர், அந்தப் படத்துக்கு லாத்விய அரசின் திரைப்பட மையம் நிதி கொடுத்ததைச் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவின் கிளிட்ச் நிறுவனம் 2023-ல் யூடியூபில் வெளியிட்ட ‘தி அமேசிங் டிஜிட்டல் சர்க்கஸ்’ முதல் எபிசோடு 30 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. பொம்மையும் சட்டையும் விற்று அடுத்த எபிசோடுக்குப் பணம் திரட்டுவது அவர்கள் வழி. உலகச் சந்தை கொண்ட ஆங்கிலத்துக்கு அது சரிப்படும். தமிழுக்கு அந்த விற்பனை இல்லை. போதாக்குறைக்கு, 2020 முதல் சிறார் காணொளிகளில் பார்வையாளரின் ரசனையைக் கண்காணித்துக் காட்டும் விளம்பரங்களை யூடியூப் நிறுத்திவிட்டதால், அந்த வருமானமும் சுருங்கியது. எண்ணிக்கையை நம்பிக் குழந்தைப் பாடல்களை அடுக்குபவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். புதிதாக எதையாவது முயல்பவர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்.

புராணம் எடுத்தால் ஓடுமே என்பார்கள். 2025-ல் வெளியான ‘மஹாவதார் நரசிம்மா’ 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது உண்மைதான். நம் மக்கள் இந்திய அனிமேஷனுக்குக் காசு கொடுப்பார்கள் என்பதற்கு அது சான்று. புராணம் மட்டுமே பார்ப்பார்கள் என்பதற்கு அல்ல.

அரசு என்ன செய்யலாம்?

குறைந்த செலவில் எடுத்த தரமான தமிழ்ப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு அரசு தலா 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. எடுத்து முடித்த பிறகு வரும் பணம் அது. அனிமேஷனுக்கு முன்னாலேயே வேண்டும். ஆனால் குறைவாகவே வேண்டும். இரண்டு நிமிட முன்னோட்டத்துக்கு ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு கிடைத்தால் போதும். உரிமை படைத்தவரிடமே இருக்க வேண்டும். திரையிட இடத்துக்கும் பஞ்சமில்லை. அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் காட்டும் திட்டம் 2022-ல் தொடங்கியது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது.

எழுத்துக்கும் குரலுக்கும் கடலூர் மாவட்டத்தில் தெருக்கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள். கூத்தில் அரசன் கொலுவிருக்கும்போதே அவனைக் கேலிசெய்துவிட்டு, பார்வையாளர் பக்கம் திரும்பி ஊர் வம்பும் பேசுகிற கட்டியக்காரன் இருக்க, வழக்கத்தை மீறிய ஒரு தொடருக்கு வேறு ஆசான் தேவையில்லை.

இப்படி உதவி பெறும் பத்து முயற்சிகளில் எட்டு தோற்கலாம். அந்த எட்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு நட்சத்திரப் படம் தோற்பதால் வரும் நட்டத்தில் சிறு பங்குகூட இராது. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கென ஒரு சிறு தொகையை அரசு ஒதுக்க வேண்டும்.