வல்லரசின் காலனிகள்

'காலனி' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் மூன்று பொருள் வழங்குகிறது. வரலாற்றுப் பாடநூலில் அது அந்நியர் பிடித்து ஆண்ட நாடு. நகரத்தில் அது குடியிருப்பு. ரயில்வே காலனி, ஆபீசர்ஸ் காலனி என்று முகவரியில் பெருமையாகவே எழுதிக்கொள்கிறார்கள். கிராமத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்குச் சாதி வந்துவிடுகிறது. "நீ ஊரா, காலனியா?" என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கேட்டால், அது முகவரி கேட்கும் கேள்வி இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

முதல் பொருளில் இந்தியாவும் ஒரு காலனியாக இருந்ததுதான். 1947 ஆகஸ்ட் 15-இல் அந்த நிலை முடிந்தது. அன்று நம்மை ஆண்டவர்களையே பொருளாதாரத்தில் முந்திவிட்டோம் என்று இன்று உலகம் பேசுகிறது. மூன்றாவது பொருளில் வரும் காலனியோ, பெரும்பாலான ஊர்களில் வாய்க்காலுக்கோ சாலைக்கோ அப்பால் அப்படியே இருக்கிறது. அது ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளச் சொல்லாகிவிட்டது என்றும், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றும் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. நாடு காலனி என்ற பெயரைத் துறந்து 77 ஆண்டுகள் ஆன பிறகு, ஊருக்கு வெளியே இருக்கும் காலனியின் பெயர் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது.

காலனியாக இருந்த ஒரு நாடு வல்லரசாகப் பார்க்கப்படுவது எப்படி என்பதை மாணவர்கள் போட்டித் தேர்வுக்காகவாவது படிக்கிறார்கள். காலனித் தெருவில் நின்று பார்த்தால் அந்த வளர்ச்சி எப்படித் தெரிகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஏறி வந்த படிகள்

நாடு ஏறி வந்த படிகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்கு இருந்தது. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், நூற்றுக்கு 18 பேர் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்திருந்த ஒரு நாடு, வயது வந்த எல்லோருக்கும் ஒரே நாளில் வாக்குரிமை கொடுத்தது. பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு. உலகம் இந்தியாவை முதலில் வியந்து பார்த்தது இதற்காகத்தான்.

அடுத்து 1955-இல் பாண்டுங், 1961-இல் பெல்கிரேடு. அமெரிக்காவுக்கும் வேண்டாம், சோவியத்துக்கும் வேண்டாம் என்று அணிசேரா நாடுகளோடு நின்றபோது, விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிடையே இந்தியாவின் குரலுக்கு மதிப்பு கூடியது. 1960-களில் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து ரேஷன் நடத்திய நாடு, பசுமைப் புரட்சிக்குப் பின் சொந்த விளைச்சலில் நின்றது. 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் அணுகுண்டு சோதனை. 1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்து தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த அதே நாடு, அடுத்த முப்பது ஆண்டுகளில் கணினித் துறையால் உலகச் சந்தையில் இடம் பிடித்தது. 2022-இல் பிரிட்டனைத் தாண்டி உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம் என்ற பெயர் வந்தது. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்த ப.வீரமுத்துவேல் என்பதில் நமக்கும் பெருமைதான். அடுத்த மாதமே ஜி-20 தலைவர்கள் டெல்லியில் கூடினார்கள்.

இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் அடியில் யாருடைய உழைப்பு இருந்தது என்று கேட்க வேண்டும். வெள்ளையர் காலத்தில் கோலார் தங்கவயலில் பாறை குடையப் போனவர்களிலும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனவர்களிலும் பெரும் எண்ணிக்கையினர் சேரியிலிருந்து போனவர்கள். விடுதலைக்குப் பின்பும் வயலில் இறங்கியவர்கள் அவர்களே. விளைச்சல் பெருகிய அந்த ஆண்டுகளில், தஞ்சை நெற்களஞ்சியத்தில் கூலி உயர்வு கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசையோடு கொளுத்தப்பட்டவர்கள் 44 பேர். மேல்முறையீட்டில் நிலவுடைமையாளர்கள் விடுதலை ஆனார்கள். நெல் உற்பத்திக் கணக்கில் அந்த 44 பேரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

கூட்டுத்தொகையும் பங்கும்

வல்லரசு என்ற பெயர் பெரும்பாலும் கூட்டுத்தொகையால் வருகிறது. மொத்த உற்பத்தி, மொத்தப் படை, மொத்த மக்கள்தொகை. கூட்டுத்தொகையை எட்ட இருந்து பார்க்கலாம். பங்கை ஊருக்குள் வந்தால்தான் பார்க்க முடியும்.

மொத்தத்தில் பிரிட்டனை முந்திய நாட்டில், அந்த உற்பத்தியை ஆளுக்கு ஒரு பங்காக வகுத்தால் 2023-இல் சுமார் 2,500 டாலர்தான் வந்தது. பிரிட்டனில் இது ஏறத்தாழ இருபது மடங்கு. நாட்டில் 81 கோடிப் பேருக்கு ரேஷனில் இலவச தானியம் தேவைப்படுகிறது. அதை 2024 ஜனவரி முதல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றிய அரசு நீட்டித்திருக்கிறது. கொடுப்பது சரிதான், அது மக்கள் உரிமை. ஆனால் ஐந்தாம் இடமும் 81 கோடியும் ஒரே நாட்டின் கணக்கு என்பதை மாணவர்கள் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கூட்டுத்தொகைக்குள் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 20 கோடிப் பேர். ஏறத்தாழ பிரேசில் நாட்டின் மக்கள்தொகை. தனி நாடாக இருந்திருந்தால் உலகின் பெரிய நாடுகளில் ஒன்று. ஊரை ஒட்டிய தெருக்களாகச் சிதறி இருப்பதால் அந்த எண்ணின் பெருமை யார் கண்ணிலும் படுவதில்லை.

லண்டனில் எழுந்த கேள்வி

ஓர் ஆட்சியை எதைக் கொண்டு அளப்பது? இதற்கான அளவுகோலை 1930-லேயே அண்ணல் அம்பேத்கர் வகுத்துக் கொடுத்துவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும் நம் செங்கல்பட்டு மண்ணின் இரட்டைமலை சீனிவாசனும் போயிருந்தார்கள். அன்று உலகின் மிகப்பெரிய வல்லரசு பிரிட்டன். அதன் தலைநகரிலேயே நின்று அம்பேத்கர் கேட்டவற்றின் சாரம் இதுதான்: நீங்கள் வருவதற்கு முன் ஊர்க் கிணற்றில் எங்களால் தண்ணீர் எடுக்க முடியவில்லை, உங்கள் ஆட்சி அந்த உரிமையை வாங்கித் தந்ததா? கோயிலுக்குள் போக முடியவில்லை, இப்போது முடிகிறதா? போலீஸிலும் ராணுவத்திலும் எங்களுக்கு இடமில்லை, இடம் கொடுத்தீர்களா? எதற்கும் 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார்.

பேரரசின் கப்பல் எத்தனை, பீரங்கி எத்தனை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. ஊர்க் கிணற்றை வைத்தே அதை அளந்தார். அதே அளவுகோலை இன்றைய வல்லரசின் மீதும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

சில கேள்விகளுக்கு இன்று 'ஆம்' என்று சொல்ல முடியும். போலீஸிலும் ராணுவத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்சியர்களாக இருக்கிறார்கள். 1997-இல் கே.ஆர்.நாராயணன் குடியரசுத் தலைவரானார். இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் இல்லையென்றால் இந்தப் பத்தியை எழுதவும் படிக்கவும் நம்மில் பலர் இருந்திருக்க மாட்டோம். இவை அரசமைப்புச் சட்டம் தந்தவை.

கிணற்றுக்கும் கோயிலுக்கும் வந்தால் பதில் தடுமாறுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே தொட்டியைப் பார்த்தார்கள். செய்தது யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். விசாரிக்கப் போன இடத்தில் கண்ணில் பட்டது என்ன என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து இறையூர் டீக்கடையில் தனிக் குவளை இருந்தது. நம் மக்களை உள்ளே விடாத ஐயனார் கோயிலுக்குள் மாவட்ட ஆட்சியர் உடன் நின்று அழைத்துப் போக வேண்டியிருந்தது. 1930-இல் லண்டனில் எழுந்த இரண்டு கேள்விகளும் ஒரே ஊராட்சிப் பக்கத்தில் அப்படியே நின்றன. நிலவில் நீர்மூலக்கூறு இருப்பதற்கான சான்று 2009-இல் வெளியானதில் சந்திரயான்-1 விண்கலத்துக்குப் பங்குண்டு. நிலவின் நீரைத் தேடிய நாட்டில்தான் இந்தத் தொட்டியும் இருந்தது.

கொடியும் குழியும்

விடுதலை நாளின் அடையாளம் தேசியக் கொடி. 2020 ஆகஸ்ட் 15-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் ஊராட்சித் தலைவரால் அந்தக் கொடியை ஏற்ற முடியவில்லை. செய்தி வெளியே வந்து, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில்தான் ஏற்றினார். 2022-இல், நாட்டின் 75 ஆண்டு விடுதலை கொண்டாடப்பட்டபோது, பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடிதம் எழுதியது நல்லது. அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டதே, அதுதான் இந்த நாட்டைப் பற்றிய செய்தி.

இன்னொரு பக்கம் கழிவுநீர்க் குழி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறது, சாவு நின்றபாடில்லை. இயந்திரம் இல்லாததால் இப்படி என்று யாரும் சொல்ல முடியாது. சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய 'பாண்டிகூட்' என்ற ரோபோவைக் கேரள இளைஞர்கள் 2018-லேயே களத்தில் இறக்கிவிட்டார்கள். வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டால், இறப்பவர் எந்த அலுவலகத்தின் ஆளும் இல்லை. இயந்திரத்தைவிட மனிதன் மலிவு, அதிலும் ஒரு குறிப்பிட்ட சாதி மனிதன் மேலும் மலிவு என்ற கணக்குதான் இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.

உலகம் இதையும் பார்க்கிறது

"வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வரலாமா, நாட்டின் பெயர் கெடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது இந்திய அரசும் இதே நிலையைத்தான் எடுத்தது. சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம், இங்கே பேச வேண்டாம் என்றது. வெள்ளையரின் இனவெறியை உலக மன்றங்களில் தட்டிக்கேட்டுப் பெயர் வாங்கிய நாடு அது. அந்தப் பெயர்தான் அதன் முதல் பெருமை.

மூடி வைத்ததால் சாதி வீட்டோடு நின்றுவிடவில்லை. படித்தவர்களோடு சேர்ந்து விமானம் ஏறியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் சாதியையும் சேர்த்துச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். கணினித் துறையால் நமக்குப் பெயர் வந்த அதே ஊர்களில் சாதியின் பெயரும் பதிவாகிவிட்டது. நாட்டின் பெயர் கெடுவது தனிக் குவளையால். குவளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல் பழி போடுவதில் பயனில்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்றார். அதை விரைவில் தீர்க்காவிட்டால், ஏற்றத்தாழ்வால் அடிபட்டவர்கள் இந்த ஜனநாயக மாளிகையையே தகர்த்துவிடுவார்கள் என்றும் எச்சரித்தார். அவர் நாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரப் பேசவில்லை. நாடு நிலைக்க வேண்டும் என்றே பேசினார்.

நம் கையில் இருப்பது

மாணவர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. விடுதலை நாளிலும் கூடுகிறது, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் கூடுகிறது. அம்பேத்கர் லண்டனில் கேட்டதை நம் ஊர்க் கிராமசபையில் கேளுங்கள். ஊருக்கும் காலனிக்கும் ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறதா? கோயிலுக்கு எல்லோரும் போகலாமா? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? கொடியை யார் ஏற்றுகிறார்கள்? தெருப் பெயர்ப்பலகையிலும் மின்கம்பத்திலும் ரேஷன் அட்டையிலும் 'காலனி' இன்னும் இருக்கிறதா? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், நகல் கேட்டு வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி அடுத்த கூட்டத்தில் மறந்துபோகும். தீர்மான நோட்டில் ஏறியதை மறைப்பது கடினம்.

பெயர்ப்பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. குழாய்ப் பாதையை மாற்ற ஓர் ஆண்டு ஆகலாம். நிலத்தையும் கூலியையும் கோயில் வாசலையும் மாற்ற இன்னும் நீண்ட போராட்டம் வேண்டும். அது முடியும் வரை, வல்லரசு என்ற பட்டத்தை யார் கொடுத்தாலும், காலனித் தெருவிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருக்கும். 1930-இல் பிரிட்டனுக்கு இருந்த அதே கடமை இன்று டெல்லிக்கும் சென்னைக்கும் நம் ஊராட்சி அலுவலகத்துக்கும் இருக்கிறது: கிணற்றடியில் நின்று பதில் சொல்ல வேண்டும்.