கடலோர மனையும் ஆபத்துக் கோடும்

சென்னையில் நீலாங்கரை தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை தேடுவோருக்குக் கடல் தெரிவதே பெரிய கவர்ச்சி. அந்தக் கடலோ உயர்ந்துகொண்டிருக்கிறது. 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் ஏறியதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு கணக்கிட்டுள்ளது.

இராவணன் மீசைப் புல்லும் அடும்பங்கொடியும் பற்றிப் பிடித்திருக்கும் மணல்மேடுதான் கரைக்கு அரண். புயலில் அலை அரித்துப்போன மணலை, கடல் அடங்கியதும் காற்றும் அலையும் மெல்லத் திருப்பித் தரும். மேட்டைச் சமப்படுத்தி மதில் எழுப்பினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. மோதித் திரும்பும் அலை மதிலின் அடிமணலைப் பறிக்கிறது. பிறகு கல் கொட்டுகிறார்கள், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு கட்டுகிறார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கே தடுத்தால் வடக்கே கரை கரையும். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புகளுக்கு வடக்கே மணற்பரப்பு அழிந்தது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடமில்லாமல் தவிப்பது அடுத்த மீனவர் குப்பம்.

விதிகளோ தளர்ந்துகொண்டே வருகின்றன. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரங்களில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைக்க மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வழிவிட்டது. கடல்மட்ட உயர்வையும் கரை மாற்றத்தையும் கணக்கில் கொண்டு இந்திய நில அளவைத் துறை வரைந்த ஆபத்துக் கோட்டையும் அது பேரிடர் மேலாண்மைக்கான கருவியாகச் சுருக்கிவிட்டது. அபாயம் எதுவரை என்று வரைபடம் சொல்கிறது. கட்டட அனுமதிக்கு அது எல்லையாக இல்லை.

விதிமீறலின் விலையைக் கொச்சி அருகே மரடு காட்டியது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடு வாங்கியவர்களுக்குத் தலா 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீட்டை முதலில் கேரள அரசே தர வேண்டியிருந்தது.

தமிழக அரசு இந்த நிலைக்குக் காத்திருக்கக் கூடாது. ஆபத்துக் கோட்டுக்குள் வரும் சர்வே எண்களை வில்லங்கச் சான்றிலேயே குறிப்பிட வேண்டும். அங்கே புதிய கட்டடங்களுக்கு அனுமதி மறுக்க வேண்டும். தனியார் பங்களாக்களைக் காக்கப் பொதுப்பணத்தில் கல் கொட்டுவதை நிறுத்தி, அந்தத் தொகையில் மணல்மேடுகளை மீட்க வேண்டும். மத்திய அரசு விதியைத் திருத்தும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. பத்திரப்பதிவு அலுவலகமும் கட்டட அனுமதியும் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன.